உப்பு லாரியின் இடப்பக்கம்

அந்தப் பள்ளிக்கூடத்தில் ஒரு வழக்கம். வி.ஆர். முகமூடியை மாட்டிக்கொண்டு, ஸ்டாண்டு போட்ட சைக்கிளில் உட்கார்ந்து, அதற்குள் தெரியும் பொய்ச் சாலையில் தப்பில்லாமல் ஓட்டி முடித்த பிள்ளைதான் அடுத்த பிள்ளைக்குக் குரு. குரு கையெழுத்துப் போட்டால்தான் சனிக்கிழமை நிஜச் சாலையில், கடற்கரை வரை சைக்கிள் பயணம்.

ஒன்பதாம் வகுப்பு இசக்கிக்கு வாய்த்த குரு, ஆறாம் வகுப்பு மெர்லின். போன வருஷப் பயணத்தைக் காய்ச்சலில் விட்டவன் அவன். இந்தத் தடவை சைக்கிளை மூன்று முறை துடைத்தாயிற்று.

"குருவே சரணம்!" ஹெட்மாஸ்டர் குரலில் கும்பிட்டான்.

முகமூடிக்குள் புகுந்ததும் ஆள் பறந்தான். பஸ் ஹாரன், கண்டக்டர் விசில், குறுக்கே ஓடிய ஆடு, எல்லாம் அவன் வாயிலிருந்தே வந்தன. உப்பு லாரியை இடப்பக்க இடுக்கில் புகுந்து முந்தி, எல்லையைத் தொட்டுவிட்டான்.

"போடு கையெழுத்த!"

மெர்லின் பேனாவைத் திறக்கவில்லை. "லாரிக்கு இடப்பக்கமாப் போனியே."

"நான்தான் லாரியப் பாத்துட்டேன்லா. அப்புறம் என்ன பயம்?"

அவள் கம்ப்யூட்டரில் ஒரு பொத்தானை அழுத்தினாள். பக்கத்து மேசையில் இருந்த ஸ்டியரிங்கைக் காட்டினாள். "இப்ப நீ லாரி டிரைவர். ஓட்டு."

இசக்கிக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. "ஏ அண்ணாச்சி, ஒதுங்கும்! லோடு வருது!" கட்டைக் குரலில் அதட்டிக்கொண்டே ஓட்டினான். உப்பளத்துக்குத் திரும்பும் பாதை வந்தது. பக்கக் கண்ணாடியைப் பார்த்தான். ஈ காக்கா இல்லை. இடப்பக்கம் ஒடித்தான்.

டம்!

"யாருல அது, கூறுகெட்ட பய! எங்கேருந்து வந்தான்?"

"நீ இப்ப ஓட்டினியே, அதத்தான் திரும்ப ஓட விட்டேன்," என்றாள் மெர்லின். "அந்தச் சைக்கிள்ல இருந்தது நீதான்."

இசக்கி ஸ்டியரிங்கை விட்டு எழுந்தான்.

பிறகு அவனாகவே சைக்கிளில் ஏறினான். இந்த முறை லாரிக்குப் பின்னாலேயே, நன்றாகத் தள்ளிப் போனான். மெல்ல வலப்பக்கம் நகர்ந்தான். லாரிக் கண்ணாடியில் முதலில் டிரைவரின் மீசை தெரிந்தது. அப்புறம் இரண்டு கண்கள்.

"மூஞ்சி தெரியுது குருவே! மூஞ்சி தெரியுது!" அவன் சொந்தக் குரல் கீச்சிட்டது. "முந்தட்டுமா?"

மெர்லின் பேனா மூடியைக் கழற்றினாள்.

"என்கிட்ட ஏன் கேக்க? அவருகிட்ட கேளு."