மடங்காத முட்டி

கபடி சீசன் நெருங்கிவிட்டது. புதிதாக எடுத்த பையன்கள் தயார். ஆனால் போஸ்டரில் பெரிதாக நிற்கும் பேச்சிமுத்துவுக்கு முட்டி வீங்கிக் கிடந்தது. எதிரணிக்காரன் காலைப் பாய்ந்து பிடிப்பதில் அவன் புலி.

அணி முதலாளி கஜபதி, பிசியோ எஸ்தரைக் கூப்பிட்டார். "நாளைக்குப் பத்திரிகைக்காரங்க வர்றாங்க. முத்து முதல் ஆட்டமே ஆடுவான்னு நீ சொல்லணும். இல்லேன்னா வேற வேலை பாத்துக்க."

இந்த முட்டியோடு இப்போது ஆடினால் முத்துவின் பிழைப்பே போய்விடும். எஸ்தர் அசரவில்லை.

"சொல்லிடறேன் சார். அதுக்கு முன்னாடி பசங்க எல்லாரும் மேடையில உங்க கால்ல விழுந்து ஆசி வாங்கட்டும்."

கஜபதிக்கு உச்சி குளிர்ந்துவிட்டது.

மறுநாள் கேமராக்கள் முன்னால் புதுப் பையன்கள் சடசடவென்று விழுந்து எழுந்தார்கள். பேச்சிமுத்து மட்டும் நெட்டுக்குத்தாக நின்றான்.

"ஏன்டா, என் கால்ல விழமாட்டியா?" என்று சீறினார் கஜபதி.

"முட்டி மடங்கல சார்!"

மைக்குகள் எஸ்தர் பக்கம் திரும்பின.

"சார் சொல்லச் சொன்னார், சொல்லிடறேன். முத்தண்ணன் முதல் ஆட்டமே ஆடுவார். ஆனா, சும்மா நிக்கிற சார் காலையே தொட முடியாதவர், துள்ளி ஓடறவன் காலை எப்படிப் பிடிப்பார்னு மட்டும் சாரையே கேட்டுக்குங்க."

முதல் ஆட்டத்தில் முத்துவுக்குப் பதிலாகப் புதுப் பையன் ஒருவன்தான் இறங்கினான். பேச்சிமுத்து பெஞ்சில் காலை நீட்டி உட்கார்ந்து விசிலடித்தான்.