அங்கப்பன் உயிலுக்கு ஒத்திகை

கோணப்பாளையத்தில் சோளம் விளையும், கடலை விளையும், அறிவு மட்டும் விளையாது. அந்த ஊர் அங்கப்பனுக்கு ஒருநாள் நெஞ்சு லேசாக வலித்தது. தனக்குப் பிறகு பிள்ளைகள் அடித்துக்கொள்ளக் கூடாதே என்று பயந்துபோய், டவுன் வக்கீலிடம் உயில் எழுதிவிட்டு வந்தார்.

"உங்க காலத்துக்கு அப்புறம் வீடும் தோட்டமும் ரெண்டு பையனுக்கும். உங்க சம்சாரம் கடைசிவரைக்கும் வீட்டுல குடியிருக்கலாம். வேற யாருக்கும் எந்தப் பாத்தியதையும் இல்லை. மாத்தணும்னா உயிரோட இருக்கறப்ப நீங்களே வந்து மாத்தணும்" என்று வக்கீல் படித்துப் படித்துச் சொல்லி அனுப்பினார்.

மூத்தவன் மாரப்பனுக்குச் சோறு இறங்கவில்லை. "ஐயன் செத்ததுக்கப்புறம் உயில் வேலை செய்யலைன்னா யாரைப் போய்க் கேக்கறது?"

"அதான? மோட்டார் வாங்கினாக்கூட ஓட்டிப் பாத்துட்டுத்தான வாங்கறோம்" என்றான் இளையவன் நல்லான்.

அங்கப்பனுக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. மறுநாள் காலையில் குளித்துவிட்டு, கால் கட்டைவிரல்களைச் சேர்த்துக் கட்டிக்கொண்டு, செத்துப்போனார். மனைவி செல்லாயி தலைமாட்டில் உட்கார்ந்து ஒப்பாரி வைத்தாள். கட்டிக்கொண்ட நாளிலிருந்து ஒரு நல்ல வார்த்தை சொல்லாதவள், அன்றைக்கு ராசாவே என்றாள், ரத்தினமே என்றாள். முன்னாடியே செத்திருக்கலாமே என்று அங்கப்பனுக்கு மனசு நிறைந்துவிட்டது.

பிள்ளைகள் அவரைச் சுடுகாடு வரை தூக்கிப்போய் இறக்கிவைத்துவிட்டு, வீடு திரும்பிச் சண்டை சச்சரவில்லாமல் பங்கு பிரித்தார்கள். உயில் அருமையாக வேலை செய்தது.

பசி எடுத்ததும் அங்கப்பன் எழுந்து வீட்டுக்கு நடந்தார். வாசலிலேயே மாரப்பன் மறித்தான்.

"உள்ள வரக் கூடாதுங்கய்யா. வேற யாருக்கும் பாத்தியதை இல்லீங்க."

"டேய், அது ஒத்திகைடா! நாளைக்கே போய் உயிலை மாத்திடறேன்."

"உயிரோட இருக்கறப்பவே மாத்தியிருக்கணுங்க. இப்ப என்ன பண்றது?"

அங்கப்பன் யோசித்துப் பார்த்தார். மகன் சொன்னதில் தப்பே தெரியவில்லை. உள்ளே செல்லாயி கத்தரிக்காய்க் குழம்பு தாளிக்கும் வாசனை வந்தது. இனி அவள் குழம்பும் கிடையாது, அவள் வசவும் கிடையாது என்று நினைத்து, வாசலிலேயே உட்கார்ந்து அழுதார்.

பிள்ளைகளுக்கும் பாவமாகத்தான் இருந்தது.

"அம்மா குடியிருக்கலாம்னு எழுதியிருக்குதில்ல? அம்மாகூட அவங்க புருஷன் இருந்தா யாரு கேக்கறது?" என்றான் நல்லான்.

"அவங்க புருஷன்தான் காலையில செத்துட்டாரேடா."

"வேற ஒருத்தரைக் கட்டி வெச்சா?"

இருவரும் வாசலைப் பார்த்தார்கள். ஆள் ஒண்டிக்கட்டை; பழகிய குணம். செல்லாயியிடம் போய்க் கேட்டார்கள்.

"செத்தவராட்டம் குறட்டை விடாத ஆளா இருந்தாச் சரி" என்றாள் அவள். அங்கப்பன் கற்பூரம் அடித்துச் சத்தியம் செய்தார்.

அடுத்த வெள்ளிக்கிழமை மாரியம்மன் கோயிலில் கல்யாணம். தாலி கட்டி முடிந்ததும் பிள்ளைகள் புது அப்பாவின் காலில் விழுந்தார்கள். எழுந்த மாரப்பனுக்குத் துக்கம் தாங்கவில்லை.

"எங்கய்யன் மட்டும் இன்னிக்கு இருந்திருந்தா, இந்தக் கல்யாணத்தப் பாத்து எவ்வளவு சந்தோசப்பட்டிருப்பாரு!"

அங்கப்பனுக்கும் கண் கலங்கியது. "அழுவாதப்பா. தங்கமான மனுசன், கொடுத்து வெக்கல" என்று அவனைத் தேற்றினார்.