நண்டு தூக்கிய கை

அந்தக் காலத்தில் நண்டும் நாரையும் மனிதரும் ஒரே பேச்சுத்தான் பேசினார்கள். நண்டுக்கு அப்போது இரண்டு கையும் ஒரே அளவு. அளவு என்ன அளவு, அரிசிமணி அதைவிடப் பெரிது!

ஆறு கடலில் கலக்கும் இடத்தில் சுரபுன்னைக் காடு ஒன்று இருந்தது. அது தனியாக யாருக்கும் சொந்தமில்லை. வேர்களுக்கு நடுவே இறால் குஞ்சுகள் வளர்ந்தன, கிளைகளில் நாரைகள் கூடு கட்டின. காத்தாயியும் அவள் சனமும் அந்த நீரில் இறங்கி, வெறுங்கையால் சேற்றைத் தடவி இறால் பிடித்துப் பிழைத்தார்கள். இரண்டு கையும் சேற்றுக்குள் இருக்கும். பிடித்ததைப் போடும் ஓலைப்பறியைப் பல்லால் கடித்துக்கொள்வார்கள். தண்ணீரில் இறங்கிவிட்டால் அவர்களுக்குப் பேச வாயும் கிடையாது, தூக்கக் கையும் கிடையாது.

இது அந்த ஊர் ஜமீன்தாருக்கு நன்றாகத் தெரியும். பாவி மனுஷன், காட்டை வெட்டி உப்பளம் போட ஆசைப்பட்டார். அந்த நாட்டில் ஒரு முறை இருந்தது: நிலத்தைச் சுற்றிக் கயிறு இழுத்து, கடைசி முளைக்குச்சியில் முடிச்சுப் போட்டுவிட்டால் நிலம் கயிறு இழுத்தவருக்கு. முடிச்சு விழுவதற்குள் எதிர்ப்பவர்கள் கை தூக்கினால் கயிற்றைச் சுருட்டிக்கொண்டு போய்விட வேண்டும்.

நீர் வற்றி, எல்லோரும் இறால் தடவிக்கொண்டிருந்த நேரமாகப் பார்த்து, ஓர் ஆளோடு வந்து காட்டைச் சுற்றிக் கயிறு இழுத்தார் அவர்.

"யாருக்காவது ஆட்சேபணை உண்டா? இருந்தால் கையைத் தூக்குங்க!" என்று கத்தினார்.

காத்தாயிக்குக் கேட்காமல் இல்லை. பறியில் பாதிக்கு மேல் இறால். வாயைத் திறந்தால் அத்தனையும் போச்சு, வீட்டில் உலை ஏறாது. 'வேற யாராச்சும் தூக்குவாங்க' என்று நினைத்தாள். பக்கத்தில் இருந்தவளும் அதையேதான் நினைத்தாள். ஒரு கைகூட மேலே வரவில்லை.

"எனக்கு இருக்கு ஆட்சேபணை!" என்றது ஒரு கீச்சுக் குரல். சேற்று மேட்டில் ஒரு பொடி நண்டு கையைத் தூக்கிக்கொண்டு நின்றது.

ஜமீன்தார் வயிறு குலுங்கச் சிரித்தார். "இதெல்லாம் ஒரு கையா? கண்ணுக்கே தெரியலையே! டேய், முடிச்சைப் போடுடா!"

நண்டுக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. குடுகுடுவென்று ஓடிப்போய்க் கயிற்று நுனியை ஒரு கையால் கவ்விக்கொண்டது. ஆள் இழுத்தான், உதறினான், கடைசியில் முளை அடிக்கும் கட்டையை எடுத்து அந்தக் கையின் மேலேயே போட்டான். கை வீங்கியது. மறுபடியும் அடித்தான், இன்னும் வீங்கியது. உடம்பைவிடக் கை பெரிதாகிப் போயிற்று, பிடி மட்டும் விடவில்லை.

"அக்கா! உன் கை எங்கக்கா?" என்று அலறியது நண்டு.

காத்தாயிக்கு நெஞ்சு எரிந்தது. இத்தனூண்டு உயிர் அடி வாங்குகிறது, நான் இறாலைக் கட்டிக்கொண்டு அழுகிறேனே! தூவென்று பறியைத் துப்பினாள். இறாலெல்லாம் துள்ளி ஓடியது. சேறு வழியும் இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கினாள்.

"இந்தா தெரியுதா? நல்லாப் பாரு! இது எங்க காடு, நாரையோட காடு, அந்த நண்டோட காடு. உன் கயித்தைச் சுருட்டிக்கிட்டு நடையைக் கட்டு!"

அடுத்த பறி விழுந்தது. அதற்கடுத்ததும் விழுந்தது. தண்ணீர் முழுக்கக் கையாக எழும்பி நின்றது.

ஜமீன்தார் முகம் செத்துப் போயிற்று. முடிச்சு இன்னும் விழவில்லை. முறையை மீறினால் நாளைக்கு அவர் நிலத்துக்கே கயிறு வரும். வந்த வழியே திரும்பினார். அன்று காத்தாயி வீட்டில் உலை வைக்கவில்லை. பட்டினி கிடந்தாலும் பாடிக்கொண்டேதான் படுத்தாள்.

நண்டின் வீக்கம் வற்றவே இல்லை. "வற்ற வேண்டாம், அடுத்தவன் வந்தால் கண்ணுக்குத் தெரியணுமில்ல?" என்றதாம் அது. அன்று முதல்தான் அந்தச் சேற்று நண்டு இனத்தில் ஆணுக்கு ஒரு கை மட்டும் அத்தனை பெரிது. நீர் வற்றியதும் வளையை விட்டு வந்து, யார் கேட்டாலும் கேட்காவிட்டாலும், அந்தக் கையைத் தூக்கித் தூக்கிக் காட்டிக்கொண்டே இருக்கிறது.