கம்ப்யூட்டருக்குப் பொன்னாடை

கரிசல் காட்டுப் பால் சங்கம் ஒன்றுக்கு அம்பலவாணன் தலைவராக இருந்தார். சங்கத்துக் கம்ப்யூட்டரில் தூசி படியக் கூடாதென்று, தமக்கு விழாக்களில் கிடைத்த பொன்னாடைகளை அதன் பெட்டிமேல் போர்த்திவைத்தார். காற்றுப் போகிற வழியெல்லாம் அடைபட்டு, அது சூடேறி அடிக்கடி அணைந்துபோனது.

"பொன்னாடையை எடுத்துரட்டுமா ஐயா? உள்ளே காத்துப் போகணும்" என்றாள் அங்கே வேலை பார்த்த ஜெசிந்தா.

"எனக்குச் செஞ்ச மரியாதையை நீ கழட்டுவியா? அதுல கை வச்சா வேலை போயிரும். இனிமே கம்ப்யூட்டர் அணைஞ்சாலும் வேலை போயிரும்!"

"சரிங்க ஐயா" என்றவள், உறுப்பினர்களிடம் ரகசியமாகப் பேசிவைத்தாள். சித்திரை வெயிலில் நடந்த பொதுக்கூட்டத்தில் அவர்கள் வரிசையாக வந்து தலைவருக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். முதலில் பூரித்தார். பிறகு வியர்த்துக் கொட்டியது. கழற்றப் போனபோதெல்லாம் ஜெசிந்தா மைக்கில், "மரியாதையைக் கழட்டக் கூடாதுங்க ஐயா" என்றாள்.

கடைசியில் எல்லாவற்றையும் உதறி எறிந்துவிட்டு, "அடப் பாவிகளா, மூச்சு முட்டுதுய்யா!" என்று அலறினார்.

"கம்ப்யூட்டருக்கும் அப்படித்தாங்க ஐயா முட்டுது. உங்களுக்காவது கத்த வாய் இருக்கு. அது பாவம், அணைஞ்சுதான் போகுது."

கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. தலைவர் விறுவிறுவென்று போய்ப் பெட்டிமேல் கிடந்ததை உருவினார். பொன்னாடைக்கு அடியிலேயே மண்டிக்கிடந்த தூசி கிளம்பி அவர் மீசையில் படிந்தது.

தும்மிக்கொண்டே, "தூசி தட்டுற பிரஷை எடும்மா" என்றார்.