மூன்று நாள் விடுப்பு

"ஒரு வார்த்தை சொல்லாம பள்ளிக்கூடத்தை விட்டே நின்னுட்டா, டீச்சர். அந்தச் செவ்வந்தி மட்டும் பரீட்சைக்கு வந்திருந்தா சென்டம் காட்டியிருப்பேன்."

அம்பலவாணன் சார் பொருமினார். பத்தாம் வகுப்புத் தமிழாசிரியர்.

எதிரே மீன் கழுவிக்கொண்டிருந்த பிலோமினா டீச்சர் அவரைவிட ஆறு வயது இளையவர். ஆனாலும் தாமதமாக வேலைக்கு வந்த சாருக்குப் பாடம் நடத்தச் சொல்லிக்கொடுத்தவர் அவர்தான். மனம் கனத்தால் சார் அவர் வீட்டுக்குத்தான் வருவார்.

"மத்த பிள்ளைங்க?"

"பத்தி வினாவுல முப்பத்தேழு பேரும் முழு மார்க்."

"எப்படிச் சொல்லிக்கொடுத்தீங்க?"

அதைக் கேட்டால் சாருக்கு அல்வா சாப்பிடுகிற மாதிரி.

"பத்தியைப் படிக்கவே கூடாது. முதல்ல கேள்வி. அப்புறம் முதல் வரி, கடைசி வரி. நடுவுல நின்னா நேரம் போச்சு."

"செவ்வந்தி?"

"அவ மட்டும் முழுசாத்தான் படிப்பா. திட்டியும் பாத்துட்டேன்."

"போறப்ப ஒண்ணும் எழுதிக் குடுக்கலையா?"

"லீவ் லெட்டர் ஒண்ணு வந்துச்சு. மூணு நாள் கேட்டிருந்தா. கையெழுத்துப் போட்டேன்."

கையோடு கொண்டுவந்திருந்த வருகைப் பதிவேட்டிலிருந்து அதை எடுத்து நீட்டினார்.

"என் கை மீனா இருக்கு. நீங்களே வாசிங்க."

"அனுப்புநர், பெறுநர்..."

"அதுக்குக் கீழ."

சார் வாசித்தார்.

"ஐயா, எங்கள் வீட்டில் விசேஷம். வியாழக்கிழமை எனக்குக் கல்யாணம் வைத்திருக்கிறார்கள்."

தாளை மடிக்கப் போனார்.

"நிறுத்தாதீங்க சார்."

"எனக்குப் பதினைந்து வயதுதான் ஆகிறது. நான் பரீட்சை எழுத வேண்டும். அதற்குள் நீங்கள் வந்து சொன்னால் அப்பா கேட்பார். உங்கள் பேச்சை மட்டும்தான் கேட்பார். ஆகவே, எனக்கு மூன்று நாள் விடுப்பு அளிக்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்."

"எந்த வியாழக்கிழமை?"

"போன மாசம்."

ஐம்பது வயது மனிதர், சின்னப் பிள்ளை போல அழுதார். பாவமாகத்தான் இருந்தது. ஆனால் செவ்வந்தியை நினைத்தால் அந்தப் பாவமும் வற்றிவிடுகிறது.

"இதைக் கொண்டாந்து குடுத்தது யாரு?"

"அவ அப்பாதான். கைநாட்டு. எங்கிட்ட குடுத்துட்டு, நான் கையெழுத்துப் போடுற வரைக்கும் எதிர்லயே நின்னாரு."

பிலோமினா டீச்சர் கையைக் கழுவிவிட்டு வந்து அந்தத் தாளை வாங்கிக்கொண்டார்.

"அப்பாவுக்குப் படிக்கத் தெரியாதுங்கிற தைரியத்துல எழுதியிருக்கா சார்," என்றார். "உங்களுக்குத் தெரியும்னு நெனச்சுட்டா."