அஞ்சலை செய்யும் வேலை

பண்ருட்டிக்குத் தெற்கே, முந்திரிக்காட்டை ஒட்டி ஒரு சிறு மடம். அதை நடத்தி வந்தவர் மங்கையர்க்கரசி அம்மா. அவருக்கு வயது நாற்பது. பன்னிரண்டு வருஷமாக அவரிடம் வந்து போகிற சீடர் மாசிலாமணிக்கு ஐம்பத்திரண்டு.

ஒரு நாள் உச்சிவெயிலில் மாசிலாமணி வியர்க்க விறுவிறுக்க வந்து நின்றார்.

“அம்மா, கோபத்தை அடக்க என்ன வழி?”

“யாரோட கோபத்தை?”

அவர் தயங்கினார். “என் சம்சாரத்தோட கோபத்தை.”

கீரை ஆய்ந்துகொண்டிருந்த அம்மா நிமிரவில்லை. “என்ன நடந்துச்சு?”

நடந்தது இதுதான். ஊர் முந்திரிச் சங்கத்தில் புதிதாக உறுப்பினர் சேர்த்தார்கள். தோப்பு வைத்திருப்பவர்கள் மட்டுமல்ல, கொட்டை உடைப்பவர்களும் சேரலாம் என்றார்கள். மாசிலாமணியோடு அவர் மனைவி அஞ்சலையும் போனார். மாசிலாமணியின் விரலைக் கைரேகை இயந்திரம் உடனே ஏற்றுக்கொண்டது. அஞ்சலையின் விரலை ஏற்கவில்லை. பத்து விரலையும் மாற்றி மாற்றி வைத்துப் பார்த்தார்கள். கொட்டையின் எண்ணெய் பட்டுப் பட்டு ரேகையே இல்லாமல் வழவழவென்று இருந்தது.

பதிவு செய்ய வந்தவர் நல்ல மனிதர். “பரவாயில்லை. இவங்க என்ன வேலை செய்றாங்கன்னு நீங்க சொல்லுங்க, எழுதிச் சேர்த்துக்கிறேன்,” என்றார் மாசிலாமணியிடம்.

பின்னால் வரிசை நீண்டிருந்தது.

“விடுங்க சார். அவ வீட்டுல சும்மாதான் இருக்கா.”

வரிசையில் நாலைந்து பேர் சிரித்தார்கள். அஞ்சலை அங்கிருந்தே நேராக அண்ணன் வீட்டுக்குப் போய்விட்டார்.

“மூணு நாளாச்சும்மா. வறுத்த கொட்டை குவிஞ்சு கிடக்கு. நாளைக்குக் காலையில பருப்பு ஏத்த லாரி வருது. ஆள் வைக்கலாம்னா, ஊர்ல எல்லாக் கையும் அவங்கவங்க கொட்டையில இருக்கு. இந்த லாரியை விட்டா அந்த வியாபாரி இனி என் பக்கம் திரும்பமாட்டான்.”

“கொட்டை பொறுக்குறது யாரு?”

“வீட்டுல.”

“காயவைக்கிறது?”

“வீட்டுலதான்.”

“உடைச்சுத் தோல் உரிக்கிறது?”

“எல்லாம் வீட்டுலதாம்மா.”

“வீடு அங்கேயேதானே இருக்கு? செய்யச் சொல்லுங்க.”

மாசிலாமணியின் முகம் சிறுத்துப்போனது. அம்மா கீரையை மூடிவைத்துவிட்டு எழுந்தார். “வாங்க, போவோம்.”

அண்ணன் வீட்டு வாசலில், வேப்பமர நிழலில் அஞ்சலை உட்கார்ந்திருந்தார். அம்மாவைக் கும்பிட்டார். கணவரின் பக்கம் பார்வை போகவில்லை.

“வா, போகலாம். லாரி வருது,” என்றார் மாசிலாமணி.

“வரட்டும். நான் சும்மா இருக்கிறவதானே? மூணு நாளா இருந்து பார்க்கிறேன். நல்லாத்தான் இருக்கு.”

“ஏதோ வாய் தவறி வந்துடுச்சு, அஞ்சலை.”

“நாலு பேர் மத்தியில சொன்னீங்க. நாலு பேர் மத்தியிலயே மாத்திச் சொல்லுங்க. இன்னிக்குச் சாயங்காலம் வரைக்கும்தான் பேர் சேர்ப்பாங்க.”

“சொன்னா வந்துடுவியா?”

“முதல்ல சொல்லுங்க.”

அவர் குரல் உயர்ந்தது. “பிடிவாதம் பிடிக்காதே!” அஞ்சலை அசையவில்லை. மாசிலாமணி அம்மாவின் பக்கம் திரும்பினார்.

“நீங்களாவது எடுத்துச் சொல்லக்கூடாதா?”

“கேள்வி கேட்டு வந்தது நீங்க. அவங்க எதுவும் கேக்கலையே.”

மர நிழல் சாய்ந்து சுவரில் ஏறியிருந்தது. மாசிலாமணி மேல்துண்டால் முகத்தைத் துடைத்தார். மறுபடியும் துடைத்தார்.

“ஊரே சிரிக்கும்மா.”

“சிரிக்கும்.”

“அத்தனை பேர் சிரிக்கிறப்போ என்னால நிக்க முடியுமா?”

“அன்னிக்கு அஞ்சலை நின்னாங்களே,” என்றார் அம்மா.

மாசிலாமணி சங்கக் கட்டடம் இருந்த திசையில் நடக்கத் தொடங்கினார்.