மூன்றாவது சர்வரைப் பிரித்த கதை

"காலையிலிருந்து நீக்கிக்கிட்டே இருக்கேன், மேடம். நீக்க நீக்கத் திரும்பி வருது," என்றார் அரசப்பன்.

ஜெசிந்தா அவரைவிடப் பத்து வயது இளையவர். ஆனாலும் அந்த மருத்துவமனையின் சர்வர் அறையில் அரசப்பனுக்கு வேலை கற்றுத் தருபவர் அவர்தான்.

"எது வருது, அண்ணே? பேயா?"

"சிரிக்காதீங்க. அந்தக் குழு மென்பொருள்தான். நீக்கிட்டு டீ குடிச்சிட்டு வந்தா, மறுபடி உள்ளே உட்கார்ந்திருக்கு. நான் போடலை. வேற யாரும் இங்கே வரலை."

அறையில் மூன்று சர்வர்கள், நோயாளிகளின் விவரங்களை வைத்திருக்கும் கணினிகள். மூன்றும் ஒரு குழு. ஒன்றையொன்று ஓயாமல் 'இருக்கிறாயா' என்று கேட்டுக்கொண்டே இருக்கும். ஒன்று பதில் சொல்லாவிட்டால் அது செத்துவிட்டதாக வைத்துக்கொண்டு, அதன் வேலையை மற்றவை எடுத்துக்கொள்ளும். அவற்றை அப்படிப் பழக்கியிருப்பது அந்த மென்பொருள்.

மூன்றாவதை இன்று மலைமேல் உள்ள கிளை மருத்துவமனைக்கு அனுப்ப வேண்டும். வேன் கீழே நிற்கிறது.

மென்பொருளோடு போனால், அது அங்கே தனியாகக் கண் விழிக்கும். மற்ற இரண்டும் செத்தன என்று முடிவு கட்டும். இங்கே படுத்திருப்பவரின் ரத்த வகையை அங்கே படுத்திருப்பவருக்குச் சொல்லும். இரண்டு இடத்திலும் கட்டில் எண்கள் ஒன்றே.

"எதுல உட்கார்ந்து நீக்கினீங்க?"

"மூணாவதுலதான். போகப்போறது அதுதானே?"

ஜெசிந்தா முதலாவதின் திரையை அவர் பக்கம் திருப்பினார்.

வரிகள் ஓடிக்கொண்டிருந்தன.

மூன்றே, இருக்கிறாயா?

மூன்றே, இருக்கிறாயா?

மூன்று வெறுமையாக இருக்கிறது. மென்பொருளை நிறுவுகிறேன்.

அரசப்பன் திரையை நெருங்கிப் பார்த்தார்.

"இதுவா போட்டுது?"

"தன் ஆளுன்னு நினைக்குது. வெறுங்கையா விடுமா?"

"இப்போ என்ன செய்ய?"

"இதுகிட்ட சொல்லுங்க."

முதலாவதில் உட்கார்ந்து, மூன்றாவதைக் குழுவிலிருந்து எடுத்தார் அரசப்பன். நிச்சயமா என்று திரை கேட்டது. ஆம் என்றார்.

வரிகள் நின்றன. பிறகு முதலாவதும் இரண்டாவதும் தமக்குள் மட்டும் கேட்டுக்கொண்டன, மூன்றாவது என்று ஒன்று இருந்ததே இல்லாததுபோல.

நிம்மதியாக எழுந்து மூன்றாவதிடம் போனவர், அப்படியே நின்றார்.

ஒன்றே, இருக்கிறாயா?

இரண்டே, இருக்கிறாயா?

பதில் இல்லை.

ஒன்றே, இருக்கிறாயா?

"மேடம், இது கூப்பிடுது!"

"கூப்பிடும்."

இரண்டும் செத்தன. அவற்றின் வேலையை எடுத்துக்கொள்ளப்போகிறேன்.

"இப்போ நீக்குங்க, அண்ணே. சீக்கிரம்."

அரசப்பன் நீக்கினார். திரை அடங்கியது. காத்திருந்து பார்த்தார்கள். திரும்பி வரவில்லை.

வேன்காரர்கள் வந்து பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனார்கள்.

அரசப்பன் வெறும் இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"மூணாவதை முதல்லேயே அடக்கியிருந்தா, அது கூப்பிட்டிருக்காதே?"

"அந்த ரெண்டும் கூப்பிட்டிருக்கும்."

"யாரும் கூப்பிடாம பிரிக்க வழியே இல்லையா, மேடம்?"

ஜெசிந்தா விளக்கை அணைத்தார்.

"இருக்கு. சேர்த்திருக்கக் கூடாது."